கள்ளை விட்டோம், புகையிலையை ஏன் விடவில்லை?

தஞ்சோங் மாலிம் கடைத்தெருவில் நண்பகல் உணவு வேளையில் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி தப்பாமல் கிட்டும். உண்டு முடித்த ஆடவர் சிலர் கை கழுவியதும் கடையை விட்டு வெளியேறி, பத்தடி தள்ளிச் சாக்கடை ஓரத்தில் நின்று சிகரெட்டுப் பற்றவைப்பர். உணவுக்கடைகளிற் புகைத்தலைச் சர்க்கார் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தடை செய்து, கடையிலிருந்து மூன்று மீட்டருக்கு அப்பாலே புகைக்கலாம் என்று விதித்தது. அன்று தொட்டு இக்காட்சி நிகழ்ந்து வருகிறது. சட்டம் தன் வேலையைச் செய்தது. பக்கத்து மேசையிலிருக்கும் குழந்தையின் மூச்சுக்குக் காவலாயிற்று. அது சிறு நன்மையன்று. ஆயினும் புகைத்தவன் பத்தடி நகர்ந்தானேயன்றிப் புகையினின்று நகர்ந்தானில்லை.

கட்டாயம் என்றால் யாது என்பதை இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1952 மார்ச்சில் ஊர் முழுவதையும் நாளொன்றுக்கு 22 மணி நேரம் வீட்டுக்குள் அடைத்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்த ஜெனரல் டெம்பளரின் தண்டனையை முதியோர் இன்னும் நினைவு கூர்வர். ஊரை அடைக்கலாம். ஒருவன் தன் உள்ளத்திலேயே 'இனி வேண்டா' என்று சொல்லுமாறு செய்வது வேறு காரியம். அந்த 'வேண்டா' எப்போது பிறக்கிறது? இதற்கு விடையை வைத்திய நூல்களில் மட்டும் தேடுவது போதாது என்பது நமது எண்ணம். நம் கண்ணெதிரே, இந்தப் பேராக் மாநிலத்திலும் அண்டை மாநிலங்களிலும், ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போதைப் பழக்கங்களை விட முனைந்த வரலாறு உண்டு. அதனைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் அபினி. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரின் அசதிக்கும் தனிமைக்கும் அதுவே மருந்தாகவும் விலங்காகவும் இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அபினியிலிருந்தே வந்தது. விற்பவனே அரசனாக இருக்கையில் விடச் சொல்பவர் யார்? சீனரே முன்வந்தனர். 1906இல் ஈப்போவில் அபினி எதிர்ப்பு மாநாடு ஒன்று கூடிற்று. அதனை முன்னின்று கூட்டியவர் பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் வைத்தியம் பயின்ற டாக்டர் ஊ லியன் தே. பின்னர் 1910–11இல் மஞ்சூரியக் கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்றவர் அவரே. மாநாட்டுக்கு மறு ஆண்டு அவருடைய மருந்தகத்தில் சிறிதளவு அபினிக் கரைசல் இருந்ததென்று வழக்குத் தொடுத்து அபராதம் விதித்தார்கள். பெட்டி பெட்டியாய் அபினி விற்ற சர்க்கார், அவுன்சு கணக்கில் மருந்து வைத்திருந்த வைத்தியரைக் குற்றவாளியாக்கிய விநோதம் இது.

அதே காலத்தில் கோலாலம்பூரில் மற்றொரு விஷயம் நடந்தது. நமக்கு மாநாட்டினும் இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. கோம்ப்ரீட்டம் என்னும் காட்டுக்கொடியின் இலையை வறுத்துக் கொதிக்க வைத்து, 'அபினியை மறக்கச் செய்யும் கஷாயம்' என்று இலவசமாக வழங்கத் தொடங்கினார்கள். ஜனங்கள் திரண்டு வந்தனர். கொடுத்த முறையைக் கவனிக்க வேண்டும். இரண்டு புட்டிகளில் கஷாயம். ஒன்றில் மட்டும் அவரவர் பழக்கத்துக்கு ஏற்ப அபினி கலந்திருக்கும். அபினி கலந்த புட்டியிலிருந்து ஒரு வேளை குடித்ததும், குறைந்த அளவை மற்றப் புட்டியின் வெறுங் கஷாயத்தால் நிரப்ப வேண்டும். இவ்வாறே நாளுக்கு நாள் அபினி தேய்ந்து கஷாயமே மிஞ்சும். பின்னர் இரசாயன நிபுணர்கள் அவ்விலையைப் பகுத்துப் பார்த்து, அதில் அபினியை முறிக்கும் சரக்கு ஏதுமில்லை என்று கூறிவிட்டனர். கொடி பொய்யாயிற்று, முறை பொய்யாகவில்லை. இன்று புகை விடுவோர்க்கு வைத்தியர் தரும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையும் மெல்லும் பசையும் இதே தத்துவத்தின் மேல் நிற்பவை: சிறிது சிறிதாகக் குறைத்து உடம்பை ஏமாற்றாமல் பழக்குதல்.

அந்தக் கஷாயப் பானையைச் சுற்றி நின்றவனுக்குக் கிடைத்தவை யாவை? தான் ஒருவனே அடிமையல்லன், தன்னைப் போன்றோர் நூற்றுக்கணக்கில் வரிசையில் நிற்கின்றனர் என்னும் ஆறுதல் கிடைத்தது. வெட்கம் கழன்றது. காசு கேட்கவில்லை, 'பாவி' என்று யாரும் ஏசவில்லை, இன்றே அறவே விடு என்று நெருக்கவுமில்லை. கையில் ஒரு புட்டி கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஆவேசம் நெடுநாள் நிலைக்கவில்லை என்பதும் உண்மை. 1910இல் சர்க்கார் அபினித் தொழிலைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. அபினி புகைத்தல் முற்றும் தடை செய்யப்பட்டது யுத்தம் முடிந்து 1946இல்தான். எனினும் சட்டம் வருவதற்கு நாற்பதாண்டு முன்னரே விட விரும்பும் மனம் இந்நாட்டில் உண்டாயிற்று.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். தோட்டத்தில் கித்தா மரம் வெட்டிய தமிழனுக்குக் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. சம்பளம் கொடுக்கும் கையும் அதனைத் திரும்ப வாங்கும் கையும் வெகு தூரத்தில் இல்லை. தாயகத்தில் 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன் நின்றனர். அச்செய்தி கடல் கடந்து வந்தது. 1929 டிசம்பரில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். சீர்திருத்தப் பேச்சு லயங்களை எட்டியது. குடிப்பது உடம்புக்குக் கெடுதி என்று மட்டும் அப்பேச்சு சொல்லவில்லை. குடிப்பவனை மனிதனாக மதிப்பார் இல்லை, நீ மதிக்கப்பட வேண்டியவன் என்று சொல்லிற்று. கேட்டவன் நிமிர்ந்தான்.

அதன் விளைவை 1941இல் கிள்ளானில் கண்டோம். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான ஊதியம் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள். தோட்ட நிர்வாகத்தார் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். தொழிலாளரைக் கொடுமையாக நடத்திய உத்தியோகஸ்தரை மாற்ற வேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. நாமும் தோட்டத்துக் கிராணி வேலை பார்ப்பவராதலின் அவ்வரியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு குறுகுகிறது. நம் வகுப்பார் அன்று எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு அதனினும் வேறு சாட்சி வேண்டா. கள்ளுக்கடையும் சைக்கிளும் ஒரே பட்டியலில் வந்தது தற்செயலன்று. இறங்க மறுத்தவனே குடிக்கவும் மறுத்தான். அவ்வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

யுத்தத்துக்குப் பின் கெடாவில் இதே நெருப்பு மீண்டும் மூண்டது. பெடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் எழுந்த தொண்டர் படையார் 1947இல் கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். போலீசாரோடு மோதல் உண்டாயிற்று, உயிரும் போயிற்று. அத்தொண்டர் படையில் இருந்தவர்கள் மிக்க படிப்பாளிகள் அல்லர். தம் லயத்து அண்ணன், தம்பி, மைத்துனன் முறையாரிடம் சென்று, 'இன்றைக்கு அங்கே போகவேண்டாம்' என்று நேரில் சொல்லும் உரிமை மட்டும் அவர்களுக்கு இருந்தது. அதுவே வலிமையாயிற்று. படை கலைக்கப்பட்ட பின் பலர் பழையபடி குடிக்கத் திரும்பினர் என்பதையும், பிற்காலத்தில் கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்துக்கொண்டது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. சொல்லும் வாய் அடைபட்டால் கேட்ட மனமும் தளரும்.

இவ்வளவும் செய்த சமூகம் புகையிலையைத் தொடவே இல்லை. கள்ளுக்கடை மறியலுக்குப் போனவரின் வாயிலும் வெற்றிலையும் புகையிலையும் இருந்திருக்கும். சீர்திருத்த மேடைக்கு வந்த பெரியோர்க்குத் தாம்பூலத் தட்டில் வைத்துத்தான் மரியாதை செய்தோம். பொடி போடாத தமிழ் வாத்தியாரைக் காண்பது அரிதாயிருந்தது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு, புகையிலைக்கு இல்லை. வள்ளுவர் மேல் குறையில்லை. போர்த்துகேசியர் கப்பலில் புகையிலை நம் நாட்டுக்கு வந்ததே பதினாறாம் நூற்றாண்டிற்றான். வந்த பின் நம் புலவர்கள் அதனைக் கண்டித்தார்களா? சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' என்றொரு பிரபந்தம் பாடி, பழனி முருகனிடத்துப் புகையிலையையே தூதாக அனுப்பினார். உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தும் கொடுத்தார். கள்ளுக்கு இத்தகைய கௌரவம் நம் பக்தி இலக்கியத்தில் கிடைத்ததாக நாம் அறியோம்.

தோட்டத்தில் புகையிலைக்கு வேறு பயன்களும் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பசி வயிற்றோடு மரம் வெட்டப் போனவளுக்கு அது பசியை மந்தப்படுத்தியது. காலில் ஏறிய அட்டையை எச்சிற் புகையிலை உதிர்த்தது. கள் குடித்தவன் அன்றிரவே மனைவியை அடித்தான். கெடுதி லயம் முழுதும் கேட்டது. புகையிலையோ இருபது முப்பது ஆண்டு பொறுத்துச் சத்தமில்லாமல் வருவது. மேலும், கள்ளுக்கடை துரையினுடையது. அதன் மேல் கோபம் கொள்வது எளிது. புகையிலை நம் செட்டியார் கடையில், நம் ஊர்ப் பெயரோடு, நம் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்தது. எதிரியிடமிருந்து வந்ததை உதறுவது மானம். சொந்தக்காரர் கையிலிருந்து வருவதை எவ்வாறு உதறுவது?

ஆயினும் எச்சரிக்கை வராமற் போகவில்லை. தென் திருவாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. எவரெஸ்ட் மலையில் 1924இல் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறிய டாக்டர் சாமர்வெல் பல ஆண்டுகள் அறுவை வைத்தியம் செய்தது அங்கேதான். அவ்வாஸ்பத்திரிக்கு வாய்ப்புற்று நோயாளிகள் ஓயாது வந்தனர். அங்குப் பணியாற்றிய டாக்டர் ஆர் என்பவர், திருவாங்கூரில் வெற்றிலை போடுவோர்க்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் 'லான்செட்' என்னும் இலண்டன் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். சிகரெட்டையும் நுரையீரற் புற்றையும் இணைத்து டாலும் ஹில்லும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1950இல். அதற்குப் பதினேழு ஆண்டு முன்னரே தமிழ் பேசும் ஊரொன்றில், தமிழர் வாய்களைத் திறந்து பார்த்துச் சொல்லப்பட்ட செய்தி அது. ஆங்கிலத்தில் அச்சாகி ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. மலாயாவின் வைத்தியப் பத்திரிகையிலும் வெற்றிலைப் புற்றைப் பற்றி 1960இல் கட்டுரை வந்தது. பாக்கு மட்டுமே, புகையிலை சேராமலுங்கூட, புற்றை விளைக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்டது. இந்நாட்டில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரினும் இந்தியரிடையே, அதிலும் பெண்களிடையே, மிகுதி என்பது வைத்தியர் எல்லாரும் அறிந்தது. ஆங்கிலம் பயின்ற நாம் அதனைப் படித்தோம். லயத்தில் சொன்னோமா என்றால், இல்லை.

இந்நாட்டுச் சர்க்கார் சும்மா இருந்ததென்று கூறலாகாது. 2004இல் 'தாக் நாக்', அதாவது 'வேண்டாம்', என்று இயக்கம் தொடங்கிற்று. 2009 முதல் சிகரெட்டுப் பெட்டியில் அழுகிய வாயும் கருகிய நுரையீரலும் படமாக வந்தன. 2015 நவம்பரில் வரியை ஏற்ற, ஒரு பெட்டியின் விலை 17 வெள்ளியாயிற்று. கள்ளச் சிகரெட்டு மலிவாகக் கிடைத்தமையால் அவ்வடியின் வேகம் பாதி குறைந்தது. 2007ஆம் ஆண்டும் அதன் பின்னும் பிறந்தோர்க்குப் புகையிலையே விற்கலாகாது என்ற திட்டம் எழுந்து, 2023இல் மசோதாவிலிருந்து கைவிடப்பட்டது. எஞ்சிய சட்டம் 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. தேசியச் சுகாதார ஆய்வுகளின்படி புகைப்போர் தொகை 2015இல் நூற்றுக்கு 22.8, 2019இல் 21.3, 2023இல் 19. எட்டாண்டில் நூற்றுக்கு நான்கு பேர் குறைந்தனர். இது தோல்வியன்று, ஆனால் நத்தை நடை.

படத்தைப் பார்த்தவன் பயப்படுகிறான். பயந்ததும் மனத்தை ஆற்ற ஒரு சிகரெட்டே எடுக்கிறான். விலை ஏறினால் விட நினைக்கிறான். மலிவானது கிடைத்தால் மறக்கிறான். அப்படியாயின் வேறு எது அசைக்கிறது? 1979இல் இலண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்னும் வைத்தியர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட புகைப்போரைச் சாதாரணக் குடும்ப வைத்தியரிடம் வந்தபோது எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியார்க்கு ஒன்றும் சொல்லவில்லை. மற்றொரு பகுதியார்க்கு ஓரிரு நிமிடம், 'புகையை விட்டுவிடுங்கள்' என்று சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, 'பின்னர் விசாரிப்போம்' என்றும் கூறி அனுப்பினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஒன்றும் சொல்லாத பகுதியில் விட்டவர் நூற்றுக்கு 0.3, சொல்லி விசாரிப்பதாகக் கூறிய பகுதியில் நூற்றுக்கு 5.1. ஐந்து என்பது சிறு எண்தானே என்று எள்ள வேண்டா. இரண்டு நிமிடச் சொல்லுக்கு அது விலையில்லாத விளைச்சல். இந்தியாவிலும் எர்ணாகுளம், பாவ்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மாவட்டங்களில் ஏறத்தாழ 36,000 புகையிலைப் பழக்கத்தாரை வீடு தேடிச் சென்று, ஒவ்வொருவரிடமும் பேசி, வாயையும் பார்த்து, ஆண்டுதோறும் திரும்ப வந்து கேட்டார்கள். விட்டவர் தொகை கூடிற்று. வாயில் புதிதாக வெண்படலம் தோன்றுவது குறைந்தது. அம்முடிவு 1986இல் வெளியாயிற்று.

கஷாயப் பானைக்கும் தொண்டர் படைக்கும் இலண்டன் வைத்தியருக்கும் இடையே நாம் காண்பது ஒன்றே. முகந் தெரிந்த ஒருவர், தன்னை மதிப்பவர், நேரில் கேட்கிறார். மறுபடியும் வந்து கேட்பேன் என்கிறார். கைக்கு ஒரு வழியும் காட்டுகிறார். விளம்பரப் பலகை மறுபடி வந்து கேட்பதில்லை. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகைவிடும் கிளினிக்குகள் உண்டு. போவோர் தொகை கிளினிக்கின் குற்றத்தால் குறையவில்லை. அங்கே போ என்று சொல்பவர் இல்லாமையால் குறைகிறது. வயது கடந்துவிட்டதே என்பார்க்கும் பதில் உண்டு. பிரிட்டிஷ் வைத்தியர்களை ஐம்பது ஆண்டு தொடர்ந்து பார்த்த டாலின் ஆய்வு 2004இல் கூறியது: முப்பதில் விட்டவன் ஏறத்தாழப் பத்து ஆண்டு ஆயுளை மீட்கிறான், நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் விட்டவனுக்கும் மூன்று.

சிகரெட்டு பிடிப்பவனுக்காவது பெட்டியில் படம் இருக்கிறது. அதன் எழுத்து மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. நம் மூதாட்டிகள் மெல்லும் புகையிலையோ, நாம் பார்த்த கடைகளில், வெறுங் காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்படுகிறது. கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பின் தோட்டங்களை விட்டு வந்து, பட்டணத்து மலிவு வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் புகைப்போர் அல்லர். அவர்களை எந்தச் சட்டமும் பத்தடி நகரச் சொல்வதில்லை.

சென்ற ஆண்டு, சேமநிதிப் படிவம் ஒன்றில் கையெழுத்து வேண்டி எங்கள் தோட்ட ஆபீசுக்கு முன்னாள் தொழிலாளி ஒருவர் வந்தார். எழுபதை எட்டிய அம்மாள். பேசும்போது ஒரு கன்னத்தைச் சுளித்தார். கேட்டோம். காரம் பட்டால் எரிகிறது என்றார். புகையிலை போடுவதுண்டா என்றோம். முந்தானையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு,

"கல்யாணம் ஆன மறுவருசத்திலேருந்து போடுறேன் கிராணியாரே. ஐம்பது வருசம் இருக்கும்."

"யாரும் வேண்டாமென்று சொன்னதில்லையா அம்மா?"

"இல்லையே. நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க."

அவ்வம்மாளின் பெயர் எங்கள் செக்ரோலில் முப்பத்திரண்டு ஆண்டு இருந்திருக்கிறது. அவர் வெட்டிய பாலின் கணக்கு, எடுத்த லீவு, வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் நம் போன்றோர் கையெழுத்தில் இருக்கின்றன. இந்த ஒரு கேள்வி மட்டும் எந்தக் கிராணிக்கும் தோன்றவில்லை. பல்லாண்டாக அவரைப் பார்த்து வந்த நமக்கும் தோன்றவில்லை.

மறு வாரம் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலம் இருந்தது. சிறிது சதை எடுத்துச் சோதித்ததில் புற்றாக மாறவில்லை என்று தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றார் வைத்தியர். புகையிலையை அம்மாள் ஒரே நாளில் விடவில்லை. முதலில் இரவுப் பங்கை விட்டார்; பிறகு காலைப் பங்கை. பேத்தி ஒருத்தி நாட்காட்டியில் குறித்து வந்தாள். பகலுணவுக்குப் பின் போடுவதுதான் கடைசி வரை போராடிற்று என்று சொல்லிச் சிரித்தார். தீபாவளிக்கு முன் அதுவும் நின்றது. வெற்றிலையையும் பாக்கையும் இன்னும் விடவில்லை. சனிக்கிழமைதோறும் சந்தைக்கு வருகிறார். நாமும் சனிக்கிழமைதோறும் கேட்டு வருகிறோம்.